நெஞ்சில் நண்டு மாதிரி: கெலாய்டு தழும்பு உள்ளவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்

போன செவ்வாய்க்கிழமை முதல் ஊசி போட்டுக்கொண்டேன். மனம் இன்னும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு நடு நெஞ்சில். பத்தாவது படிக்கும்போது வந்த ஒரே ஒரு பரு. பரு ஆறிவிட்டது, தழும்பு மட்டும் நிற்காமல் வளர்ந்தது. இப்போது 26 வயது. புளியங்கொட்டை அளவில் இருந்தது இரண்டு பக்கமும் கை நீட்டி, சிவந்து, பளபளவென்று தோலை இழுத்துக்கொண்டு நிற்கிறது. ரவிக்கைக் கழுத்து வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறியது. இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டாக்டர் நல்லவர். துணியை விலக்கியதும் பக்கத்தில் நின்ற நர்ஸ் கதவைத் திறந்து இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன், நெஞ்சுல நண்டு உக்காந்த மாதிரி இருக்குது." அந்தப் பெண் வந்தாள், பார்த்தாள், போனாள். கதவு திறந்தே இருந்தது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் ரப்பர் செருப்பு தெரிந்தது. ஊசி முடியும்வரை அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி உண்டு. தழும்பு அவ்வளவு கெட்டி, மருந்து உள்ளே போக மறுத்தது. டாக்டரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார். மருந்து இறங்க இறங்கத் தழும்பும் வெளுத்தது. நான்கைந்து இடத்தில் குத்தினார். அதெல்லாம் மறந்துவிடும். கதவு மறக்கவில்லை. அடுத்த ஊசி நான்கு வாரம் கழித்து. போவதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

ஓசூர் சிப்காட்

அக்கா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஊசி போடாமல் விட்டவள் சொல்கிறேன்.

எனக்குக் காது. ரெண்டாவது கம்மலுக்காகத் துப்பாக்கியில் குத்தியது. நெல்லிக்காய் அளவு வந்ததும் ஒரு கிளினிக்கில் "பத்து நிமிஷ வேலை, வேரோடு எடுத்துவிடலாம்" என்றார்கள். எடுத்தார்கள். காது லேசாக இருந்தது, ஒரு வாரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதற்குப் பிறகு ஊசி போடணும், காதை அழுத்திப் பிடிக்கிற கிளிப் போடணும் என்று யாரும் சொல்லவில்லை.

ஏழாவது மாதம், நைட் ஷிப்ட். தலைக்கு வலை போடும்போது காதுக்குப் பின்னால் விரலில் கடுகு மாதிரி ஒன்று பட்டது. கெட்டியாக. லைனில் நின்றுகொண்டே அழுதேன். இப்போது அது பழைய அளவைத் தாண்டிவிட்டது. வெட்டிவிட்டு அப்படியே விட்டால் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வரும் என்று பிறகுதான் இன்னொரு தோல் டாக்டர் சொன்னார். கெலாய்டுக்கு வேர் என்று ஒன்று கிடையாது, வெட்டிய காயமே அதற்குப் புது இடம்.

பென்னாகரம் அப்பா

என் தப்பை எழுதுகிறேன், யாராவது செய்யாமல் இருக்கட்டும்.

பையனுக்குத் தோளில் பிசிஜி ஊசி போட்ட இடத்தில் தடிப்பு. ஊரில் எருக்கம்பால் வைக்கச் சொன்னார்கள். மருவுக்கு விழுகிறதே, இதற்கும் விழும் என்று. மூன்று நாள் வைத்தேன். நான்காம் நாள் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்ற வந்தபோது துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தேன். அவன் அழவில்லை, "அப்பா மெதுவா" என்று மட்டும் சொன்னான். ஆறிய பிறகு தழும்பு இரண்டு மடங்கு.

ஊத்தங்கரை

எனக்கும் தோளில் சின்னதாக ஒன்று உண்டு, நான்கு ஊசியில் தட்டையாகிவிட்டது. ஆனால் இங்கே சிலவற்றைச் சொல்லியே ஆகணும்.

ஓசூர் தங்கச்சி, அறுவை சிகிச்சையே கூடாது என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. காதில் தொங்குகிற பெரிய கட்டிக்கு வெட்டுவதும் ஒரு வழிதான். வெட்டிய கையோடு ஊசி வரிசை தொடங்கணும். சிலருக்கு ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாத இடத்தில் கத்தி வைக்க விடாதீர்கள்.

ஊசி என்பது டிரையாம்சினலோன், ஸ்டீராய்டு. தழும்புக்குள்ளேயே போடுவது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. முதல் ஊசியில் அரிப்பும் வலியும்தான் குறையும், மேடு இறங்க மாதங்கள் ஆகும். போட்ட இடம் வெளுக்கலாம், தோல் மெலிந்து குழியலாம். பெண்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே போகலாம். பயப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த ஊசிக்கு மட்டும் அடங்காத தழும்புக்கு 5-ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு மருந்தைக் கலந்து போடுவதும், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதும் உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றாலோ முதலிலேயே சொல்லிவிடணும், அந்த 5-ஃப்ளூரோயுராசில் கூடாது.

தழும்பின் மேல் ஒட்டுகிற சிலிக்கோன் ஷீட் வாங்குகிறவர்கள் இரண்டு மணி நேரம் ஒட்டிவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். ஒரு நாளைக்கு 12 மணி நேரமாவது இருக்கணும், இரண்டு மூன்று மாதமாவது. நம் ஊர் சித்திரை வெயிலில் அடியில் வேர்க்குரு வரும். காலையும் மாலையும் எடுத்து, மெல்லிய சோப்பில் கழுவி, நிழலில் உலர்த்தி, தோலும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். திறந்த புண்ணில் ஒட்டவே கூடாது.

இது தொற்று இல்லை, புற்றுநோய் இல்லை. சொறிவதை மட்டும் விடுங்கள்.

கடத்தூர் வெல்லக்காரர்

ஊத்தங்கரை அண்ணா, எல்லாம் சரி. ஆனால் தடித்துச் சிவந்ததெல்லாம் கெலாய்டு என்று நினைத்து என்னைப்போல ஆறு மாதம் தூக்கம் கெடக் கூடாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொப்பரையில் இருந்து பாகு தெறித்து முன்கை வெந்தது. ஒன்றரை மாதத்தில் சிவந்த கயிறு மாதிரி எழும்பியது. அத்தைக்குக் கெலாய்டு இருந்ததால் எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் பேனாவை எடுத்து, காயம் முதலில் எதுவரை இருந்தது என்று கேட்டு அந்த ஓரத்தில் கோடு போட்டார். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து என் போனிலேயே படம் எடுக்கச் சொன்னார். "கெலாய்டு இந்தக் கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள்ள போகும். உங்களுது தாண்டலை. மூணு மாசம் கழிச்சு இதே காசை வெச்சு எடுத்துட்டு வாங்க."

தாண்டவில்லை. ஒன்றரை வருஷத்தில் பாதி தானாகவே இறங்கிவிட்டது. அந்தக் கோடு போட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பாலக்கோடு அம்மா

எனக்கும் என் தங்கைக்கும் காதில் இருக்கிறது. மகளுக்கு ஒரு வயதில் குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். என் அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தாள், வாயில் சர்க்கரை. ஆசாரி ஊசியை எடுத்ததும் "வேண்டாம்" என்று கத்திவிட்டேன். சொந்தம் எல்லாம் என்னையே பார்த்தது. அண்ணன் எதுவும் பேசவில்லை, ஆனால் வாங்கி வந்திருந்த கம்மலை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிறகு கேட்டதில், குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு அதிகம், ஆனால் சின்ன வயதில் குத்துவதைவிடப் பதினொரு வயதுக்கு மேல் குத்தினால்தான் கெலாய்டு கூடுதலாக வருகிறது என்றார் டாக்டர். அப்படியானால் நான் தடுத்தது தப்பா? இப்போது அவளுக்கு ஒன்பது, கம்மல் கேட்கிறாள். ஒட்டுகிற கம்மலை வைத்துச் சமாளிக்கிறேன். பென்னாகரம் அண்ணா, நீங்கள் பையனுக்கு நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். ஊசி போட அழைத்துப் போனீர்களா?

தருமபுரி நர்சிங் மாணவி

காவேரிப்பட்டணம் அக்காவுக்கு. அந்த நர்ஸ் செய்தது தப்பு. நோயாளியின் உடம்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஆள் கூப்பிடக் கூடாது, கதவைச் சாத்தணும், திரை இழுக்கணும். முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

இன்னொன்று. அந்த நண்டு அவருடைய சொந்த வார்த்தை இல்லை. 1800களின் தொடக்கத்தில் அலிபெர் என்ற பிரெஞ்சு டாக்டர் இந்தத் தழும்புக்குப் பெயர் வைத்தபோது, கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்குக்கு உள்ள சொல்லில் இருந்துதான் எடுத்தார். பக்கவாட்டில் கை நீட்டிப் போகிறதே, அதனால். எவ்வளவோ பேர் நெஞ்சில் பார்த்து வைத்த பெயர் அது. உங்களுடையது மட்டும் விசித்திரம் இல்லை அக்கா. அடுத்த முறை உள்ளே போனதும் "கதவைச் சாத்துங்க" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பென்னாகரம் அப்பா

பாலக்கோடு அம்மாவுக்கு: ஆமாம், மூன்று ஊசி ஆகியிருக்கிறது. அரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

காவேரிப்பட்டணம்

நேற்று போனேன். அதே நர்ஸ். உட்காருவதற்கு முன்பே "கதவைச் சாத்திடுங்க" என்றேன். குரல் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாத்திவிட்டு, திரையையும் இழுத்துவிட்டார். மருந்து இந்த முறை கொஞ்சம் சுலபமாக இறங்கியது, ஒரு ஓரம் மெத்தென்று ஆகியிருக்கிறதாம். கடத்தூர் அண்ணா சொன்னபடி ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அடுத்தது ஆடி பதினெட்டு முடிந்து.