விப்பிள் ஆபரேஷன் முடிந்து 12 நாள், டிரெயின் இன்னும் நிற்கவில்லை

மூத்தமகள்:
அப்பாவுக்குக் கணையத் தலையில் கட்டி. அதை வெட்டியெடுத்து, மீதிக் கணையத்தைக் குடலோடு தைக்கும் விப்பிள் ஆபரேஷன் முடிந்து இன்றோடு 12 நாள். வயிற்றுக்குள் சேரும் நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் தினமும் 150 மில்லி, கலங்கலாக வருகிறது. அதில் கணையம் சுரக்கும் அமைலேஸ் நொதி 4,000-க்கு மேல். காய்ச்சல் இல்லை, நடக்கிறார். கணையம் வெண்ணெய் மாதிரி இருந்தது, தையல் நிற்கவே கஷ்டப்பட்டது என்றார் சர்ஜன். ஒழுங்காகத் தைத்திருந்தால் ஒழுகுமா? குடலுக்குப் பதில் இரைப்பையோடு இணைத்திருக்கலாமோ? ராத்திரியெல்லாம் இதே யோசனை.

வார்டுக்காரன்:
சர்ஜரி வார்டில் 9 வருடமாக இருக்கிறேன். தையல்மேல் பழி போடாதீர்கள். பழைய அழற்சியால் இறுகிய கணையத்தில் ஊசி நன்றாகப் பிடிக்கும். மெத்தென்ற கணையத்தில் முடிச்சை இறுக்கினாலே நூல் சதையை அறுத்துவிடும். கணையக் குழாயும் 3 மி.மீ.க்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம். குழாயைக் குடலின் உட்சவ்வோடு தைப்பது, வெட்டிய முனையையே குடலுக்குள் செருகுவது, நீங்கள் சொன்ன இரைப்பை இணைப்பு, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கசிவை அடியோடு ஒழித்த முறை எதுவும் இல்லை.

3ஆம் நாளிலிருந்து டிரெயின் நீரின் அமைலேஸ், ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல 3 மடங்கைத் தாண்டினால் கசிவு. ஆனால் அதனால் சிகிச்சை எதுவும் மாறாவிட்டால், சர்வதேச சர்ஜன்கள் குழுவின் 2016 வரையறைப்படி அது ஃபிஸ்டுலாவே (சிகிச்சை தேவைப்படும் கணையக் கசிவு) இல்லை. டிரெயின் 3 வாரம் தாண்டினால் பி கிரேடு ஃபிஸ்டுலா. மறு ஆபரேஷன் வரை போனால் அதைவிடக் கடுமையான சி.

பழையபேஷண்ட்:
எனக்கு 26 நாள் இருந்தது, தானாக நின்றது. அந்தத் தண்ணீர் தோலில் பட்டால் எரியும் பாருங்கள், அப்பப்பா! துளையைச் சுற்றி ஈரம் நிற்க விடாதீர்கள். என்னை அதைவிடப் படுத்தியது, சாப்பிட்டதைக் கீழே இறக்காத இரைப்பைதான். மூக்கு டியூபை எடுத்தால் வாந்தி, மறுபடி டியூப். இரண்டு வாரம் இதே கூத்து.

மூத்தமகள்:
இன்று 90 மில்லிதான். ஆனால் குழாயில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. நேற்று இல்லை.

வார்டுக்காரன்:
போனை வைத்துவிட்டு இப்போதே நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கசியும் கணைய நீர் பக்கத்துத் தமனியில் ஆபரேஷனின்போது கட்டிவைத்த முனையை அரிக்கலாம். பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் இப்படிக் கொஞ்சமாக எட்டிப் பார்ப்பதுண்டு.

மூத்தமகள்:
உடனே ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தார்கள். அரித்ததால் வரும் புடைப்பு தமனியில் இல்லையாம். இரண்டு நாள் கண்காணிப்பில் வைக்கிறார்கள். அப்பா தூங்குகிறார். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.