புதுப்பிப்பு: லைபேஸ் மணிகள் மூன்றாம் சுற்றில் சோர்ந்ததற்குக் காரணம்

காட்டாமணக்கு எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து பயோடீசலாக்க, ஆல்ஜினேட் (கடற்பாசிப் பசை) மணிக்குள் அடைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பர்க்கோல்டேரியா பாக்டீரியாவின் லைபேஸ் நொதி, மூன்றாம் சுற்றிலேயே படுத்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இரண்டு.

ஒன்று மெத்தனால். 100 கிராம் எண்ணெய்க்குச் சுமார் 11 கிராம் வேண்டும். மொத்தமாக ஊற்றினால் கரையாமல் துளித்துளியாக நின்று நொதியைக் கெடுக்கும். இப்போது 3.7 கிராம் வீதம் மூன்று தவணை. முந்தையது வினைபட்டு முடிந்த பிறகே அடுத்தது.

இன்னொன்று, சுற்றுகளுக்கு இடையே மணிகளைக் கழுவும், யாருமே சந்தேகிக்காத கரைசல். பாஸ்பேட் பஃபர் (pH மாறாமல் காக்கும் கரைசல்), மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மணி உப்பி, விரலிடையில் நசுக்கினால் கூழாகிவிடும், நொதி கசிந்துபோகும். டிரிஸ் பஃபரில் சிறிது கால்சியம் குளோரைடு கலந்து கழுவுங்கள். வினையில் துணைப்பொருளாக வந்து வழவழவென்று ஒட்டும் கிளிசரால் படலத்தைக் கழுவ, டெர்ட்-பியூட்டனால் என்ற ஆல்கஹால்.

மணிகளை முழுக்க உலர்த்திவிடாதீர்கள். கொஞ்சமாவது ஈரம் இல்லாவிட்டால் லைபேஸ் அசையாது.