காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாகப் பார்க்கணும்: குழந்தைகள் வார்டு அனுபவங்கள்

செவிலியர், குழந்தைகள் வார்டு, மதுரை:

மழைக்காலம் வந்தால் எங்கள் வார்டில் பாதிக் கட்டில் டெங்குதான். அப்பா, அம்மா, பார்க்க வரும் சித்தப்பா என எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், கவுன்ட் எவ்வளவு?" ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கைதான் அது. ஏறினால் முகம் மலரும், இறங்கினால் அழுகை. எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் அது தொடங்கும். அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வீட்டார் "அப்பாடா" என்று மூச்சு விடுவதும் அதே நேரத்தில்தான்.

ஏழு வயதுப் பையன் ஒருவன். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சுடவில்லை. அப்பா டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பத்தா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்லைக் குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்குறான் தாயி. வயித்தைத் தொட்டா கத்துறான். காலைத் தொட்டுப் பாரு, ஐஸாக் கெடக்கு" என்றார்.

பிபி பார்த்தேன், 100/84. மேல் எண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே இருப்பது 16தான். டெங்குக் குழந்தைக்கு அந்த இடைவெளி 20க்கு வந்துவிட்டாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலை, தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளணும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அவனுக்கு வெளுப்பு அப்படியே நின்று, பிறகு மெதுவாகத்தான் நிறம் வந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பிசிவி முந்தின நாள் 36, அன்று 45. நீர் வெளியேறி ரத்தம் கெட்டியாகிவிட்டது. டியூட்டி டாக்டர் ஓடிவந்து, எடைக்குக் கணக்குப் போட்டு சலைன் ஏற்றினார். அன்று ராத்திரி முழுக்க அவன் பல்ஸையும் மூத்திர அளவையும் மணிக்கொரு தரம் எழுதினோம். மறுநாள் சாயங்காலம் இட்லி கேட்டான்.

குழந்தையின் உடம்பு ரத்தக்குழாயை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, மேல் பிபியை முடிந்தவரை இறங்கவிடாமல் பிடித்துவைக்கும். அது இறங்கும்போது நம் கையில் அதிக நேரம் இருக்காது. கை கால் சில்லிடுவது, பல்ஸ் ஓடுவது, மூத்திரம் குறைவது, பிள்ளை துவண்டுபோவது எல்லாம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். மானிட்டர் ஒன்றும் சொல்லாத நேரத்தில் அந்தப் பாட்டி சொல்லிவிட்டார்.

ஐந்து மாதக் குழந்தையின் அம்மா, ஈரோடு:

எங்களுக்கு டெங்கு இல்லை, சளி. நுரையீரலின் சின்னக் காற்றுக்குழாய்கள் வீங்குகிற பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். வார்டில் சேர்த்த முதல் நாள் மூச்சு வாங்கினாலும் பால் குடித்தாள். இரண்டாம் நாள் ராத்திரி வாயை வைப்பாள், ரெண்டு இழுப்பு, விட்டுவிடுவாள். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடியது. இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிஷத்துக்கு 50 மூச்சோ அதற்கு மேலோ போனால் வேகம் என்று பகலில் டாக்டர் சொல்லியிருந்தார். போனில் ஒரு நிமிஷம் வைத்து வயிற்றைப் பார்த்து எண்ணினேன். 68.

நடுச்சாமத்துக்கு மேல் அது 40க்கு வந்தது. அழுகையும் நின்றது. "தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று வார்டில் இருந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் மூச்சு விடும்போதெல்லாம் 'ம்க், ம்க்' என்று ஒரு முனகல். தூங்குகிற என் பிள்ளை அப்படி முனகவே மாட்டாள். உள்ளங்காலைச் சுரண்டினேன், காலை இழுத்துக்கொள்ளவில்லை. தூக்கிக்கொண்டே டாக்டர் அறைக்குப் போய்விட்டேன். களைத்துப்போய்த்தான் மூச்சு குறைந்திருக்கிறது என்று அவர் பார்த்தவுடனே சொன்னார். அன்றிரவே ஐசியு. மூக்கு வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன் வைத்தார்கள், மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடவேண்டி வரவில்லை. இப்போது தவழ்கிறாள். எண்ணிக்கை குறைந்தது நல்லதுக்கு என்று நினைத்து நானும் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னமும் பதறுகிறது.

குழந்தைகள் செவிலியர், இங்கிலாந்து, சொந்த ஊர் நாகர்கோவில்:

தங்கச்சி, நீங்கள் செய்தது ரொம்பச் சரி. இங்கே 2023 நவம்பரில் குழந்தையின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட, நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை அட்டவணை கொண்டுவந்தார்கள், 'ப்யூஸ்' (PEWS) என்போம். மூச்சு, ஆக்சிஜன், பல்ஸ், பிபி, நகத்தில் நிறம் திரும்பும் நேரம், விழிப்பு எல்லாவற்றுக்கும் வயதுக்கேற்ற மதிப்பெண். கூடவே ஒரு கட்டம், பெற்றோருக்குக் கவலை இருக்கிறதா என்று. மதிப்பெண் பூஜ்யமாக இருந்தாலும் அம்மா "இவள் சரியில்லை" என்றால் அதையும் மேலே சொல்லியாக வேண்டும்.

இந்தக் கட்டம் சும்மா வந்துவிடவில்லை. மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இருந்தபோதே செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை, வந்து 2021இல் இறந்தாள். அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியும் ஐசியுவுக்கு மாற்றவில்லை. முன்பே மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். அவளுடைய பெற்றோர் விடாமல் போராடியதில் 2024இல் 'மார்த்தா விதி' வந்தது. வார்டு கேட்கவில்லை என்றால், குடும்பத்தாரே வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 'ரயன் விதி' என்று 2013லேயே வந்துவிட்டது. அதுவும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான்.

அட்டவணை மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். 7 நாடுகளில் 21 ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு மதிப்பெண் முறையை வைத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது, இறப்பு குறையவில்லை. எண்ணை எழுதிவைத்துவிட்டு ஆள் வராமல் போனால் என்ன பயன்?

ஒரு அப்பா, கும்பகோணம்:

மதுரை சிஸ்டருக்கு. என் பொண்ணுக்கு 9 வயசு, டெங்கு பாசிட்டிவ், அட்மிட் பண்ணியிருக்கோம். நாலு நாள் காய்ச்சல், இன்னைக்குக் காலையில் விட்டுடுச்சு. பிளேட்லெட் 90 ஆயிரம். மத்தியானத்திலிருந்து மூணு தடவை வாந்தி. வீட்டுக்குக் கேட்டு வாங்கிட்டுப் போயிடலாமான்னு அவங்க அம்மா சொல்றாங்க.

செவிலியர், மதுரை:

அண்ணா, இன்னைக்குக் கண்டிப்பா போகாதீங்க. இப்பவே நர்ஸ்கிட்ட போய், "காய்ச்சல் விட்டதுக்கப்புறம் மூணு தடவை வாந்தி எடுத்திருக்கா, டியூட்டி டாக்டர் வந்து பார்க்கணும்"னு சொல்லுங்க. கடைசியா எத்தனை மணிக்கு மூத்திரம் போனா, கை கால் சூடா இருக்கா, வயிறு வலிக்குதான்னு மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. பிபில ரெண்டு எண்ணையும் கேளுங்க. பிசிவி நேத்து எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவுன்னு கேளுங்க. ட்ரிப்ஸை நீங்களா கூட்டச் சொல்லாதீங்க. கசிவு நின்னதும் வெளியே போன நீர் திரும்ப ரத்தத்துக்கே வரும். அப்பவும் ட்ரிப்ஸ் ஓடிக்கிட்டிருந்தா மூச்சுத் திணறல் வந்துடும், அதனால அளவை டாக்டர் தான் முடிவு பண்ணணும். வரலைன்னா பத்து நிமிஷத்துல மறுபடி போய்க் கேளுங்க, யாரும் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

ஒரு அப்பா, கும்பகோணம்:

டாக்டர் வந்துட்டார் சிஸ்டர். பிபி 96/78. பிசிவிக்கு ரத்தம் எடுத்திருக்காங்க, ட்ரிப்ஸ் மாத்திட்டாங்க. நர்ஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாத்துறாங்க.