புதுப்பிப்பு: ஃபுல் ஃபிரேமா, ஏபிஎஸ்-சியா?

எந்த சென்சார் (கேமராவில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) உள்ள கேமரா வாங்கலாம், பெரிய ஃபுல் ஃபிரேமா, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சியா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். காட்டில் பறவை, சந்தையில் மனிதர்கள், இந்த இரண்டும்தான் என் தேவை. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. முடிவு எடுத்தாயிற்று: ஏபிஎஸ்-சி.

மாட்டுங்கா நண்பரின் ஃபுல் ஃபிரேமையும் வாடகை ஏபிஎஸ்-சியையும் எடுத்துக்கொண்டு விடியுமுன் மும்பை தாதர் பூச்சந்தைக்குப் போனோம். படத்தில் அடங்கும் காட்சி ஏறக்குறைய ஒன்றாக இருக்க ஃபுல் ஃபிரேமில் 50 மிமீ லென்ஸ், ஏபிஎஸ்-சியில் 35 மிமீ, இரண்டும் எஃப்/1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்). இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (படத்தை வெளிச்சமாக்கும் அமைப்பு) 6400-க்கு ஏற்றியதில் சாமந்திக் குவியலின் மஞ்சள் இரண்டிலும் அருமை. கூடைக்குப் பின்னால் இருந்த நிழலில்தான் வித்தியாசம். ஏபிஎஸ்-சியில் சாக்கின் இழைகள் புள்ளிகளில் கரைந்துவிட்டன. ஃபுல் ஃபிரேமில் ஒவ்வொன்றும் தெரிந்தது. காரணம் சென்சாரின் பரப்பளவு: 36 x 24 மிமீ என்றால் 864 சதுர மிமீ, 23.5 x 15.6 என்றால் சுமார் 367. அதே எஃப் எண், அதே ஷட்டர் வேகத்தில் பெரியது இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்குகிறது.

ஆனால் பறவைகளுக்கு, அதாவது மும்பை செவ்ரி கரையின் பூநாரைகளுக்கு, கணக்கு வேறு. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால், 300 மிமீ லென்ஸ் ஏபிஎஸ்-சியில் ஃபுல் ஃபிரேமின் 450 மிமீ அளவுக்கு நெருக்கம் காட்டும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அதே நெருக்கத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 11 மெகாபிக்சலுக்கும் குறைவு. நீள லென்ஸ் வாங்கலாம்தான், விலையும் எடையும்? லோக்கல் ரயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற என்னால் ஆகாது.

ஏபிஎஸ்-சியைவிடவும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சொன்னவர்களுக்கு: எடைக்கு அது அருமை, என் இருட்டுச் சந்தைக்குப் போதாது.

மிச்சப் பணத்தில் எஃப்/1.4 லென்ஸ் வாங்குகிறேன். ஃபுல் ஃபிரேமுடன் உள்ள வெளிச்ச வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி அதிலேயே ஈடாகிவிடும். கல்யாண மண்டப வேலைக்கு வாங்குபவர்கள் ஃபுல் ஃபிரேமுக்கே போங்கள்.