தறியை விடாமல், கல்யாணத்திலிருந்து விலகி நிற்க வழி உண்டா?

காஞ்சிபுரத்தில் தொழில்வழி ஆலோசகராக இருக்கிறேன். ஒருவர் விஷயத்தில் இரண்டு மாதமாக முட்டி நிற்கிறேன். (அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன்.) வயது 26, கோர்வைப் பட்டு (புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்ப்பது) நெய்யும் குடும்பம். தன்பாலீர்ப்பு கொண்டவர், வீட்டுக்குத் தெரியாது.

கோர்வைத் தறியில் இருவர் உட்கார வேண்டும். கரைக்கான நாடாவை, அதாவது ஊடுநூல் ஓட்டும் கருவியை, தள்ளும் இடம் சிறுவயதிலிருந்தே இவருடையது. இப்போது அப்பா, "நீ என் இடத்துக்கு வா, உன் இடத்தில் மருமகள் உட்காரட்டும்" என்கிறார்.

ஆர்வத் தேர்வு வைத்தேன், நெசவுதான் வந்தது. பெங்களூரில் துணி வடிவமைப்பு வேலை பார்த்துக் கொடுத்தேன். கணினித் திரையில் நூல் கைக்கு அகப்படாது என்று மறுத்துவிட்டார். மூத்த ஆலோசகர் ஒருவரோ, "கல்யாணம் செய்தால் சரியாகிவிடும்" என்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை சொன்னது அந்த ஆலோசகர் காதில் விழவில்லை போலும். தை பிறந்ததும் பெண் பார்க்கப் போகிறார்கள்.

வீட்டை விட்டுத் தனியே தங்கி, கோர்வை நெய்து சம்பாதிக்கும் ஏற்பாட்டை யாருக்காவது செய்து கொடுத்திருக்கிறீர்களா, எப்படி?