லிக்விட் கூலர் ஃபேன் சும்மா சும்மா ஏறி இறங்குகிறது, எப்படி அடக்குவது?

கேட்டவர்:
வணக்கம். போன மாதம் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர், அதைத் திரவத்தால் குளிர்விக்கும் 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர், கடையிலேயே பூட்டிக் கொடுத்தார்கள். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். பாதி வேலை ராத்திரியில்தான். ஒரே அறை வீடு, எட்டு மாதப் பாப்பா பக்கத்திலேயே தூங்குகிறாள்.

பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் சர்ரென்று ஏறுகிறது, ஐந்து நொடியில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஒரே சீராக இரைந்தால்கூட அவளுக்குப் பழகிவிடும்; இந்த ஏற்ற இறக்கத்தில்தான் திடுக்கிட்டு விழிக்கிறாள். பிராசசர் வெப்பநிலை 48 டிகிரியில் இருந்து ஒரே தாவலாக 72க்குப் போகிறது. கூடவே ஒரு மெல்லிய ரீங்காரம், அதுவும் ஏறி இறங்குகிறது. கூலரில் யுஎஸ்பி வயர் இல்லாததால் அதற்கென்று சாஃப்ட்வேரும் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில் 1:
சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் சரியாகப் பரவியிருக்காது. கழற்றிப் புதிதாகப் போடுங்கள்.

பதில் 2:
அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம் தம்பி. நீண்ட ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்குவது) போட்டால் வெப்பநிலை எவ்வளவு போகிறது?

கேட்டவர்:
அரை மணி நேர ரெண்டரில் 88, 89 அண்ணா. அறை 33 டிகிரி இருக்கும்.

பதில் 2:
அப்படியென்றால் பேஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சிப்பை 95 டிகிரி வரை ஓடவே வடிவமைத்திருக்கிறார்கள். கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் துண்டு கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு கோர் 5 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் பாய்ந்தால் அந்தச் சின்ன இடம் கண் இமைப்பதற்குள் சுடும், வேலை முடிந்ததும் ஆறிவிடும். அது தோசைக்கல் மாதிரி. உள்ளே ஓடும் திரவமோ அண்டாத் தண்ணீர் மாதிரி, சூடேற நிமிடக் கணக்கில் ஆகும். ரேடியேட்டர் ஃபேன் ஆற்றுவது அந்தத் தண்ணீரைத்தான். மூன்று நொடித் தாவலுக்கு ஃபேன் பறப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, சத்தம் மட்டும்தான் மிச்சம்.

ரீங்காரம்தான் எனக்கு உறுத்துகிறது. அது திரவத்தைச் சுற்றவிடும் பம்ப்பாக இருக்க வேண்டும், ஆனால் பம்ப் சத்தம் ஏறி இறங்கக் கூடாது. அதன் வயர் மதர்போர்டில் எங்கே செருகியிருக்கிறது?

கேட்டவர்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபேன் இரண்டும் சிபியு ஃபேன் என்ற இடத்தில். பம்ப், சிஸ்டம் ஃபேன் 2 என்று அச்சடித்த இடத்தில்.

பதில் 2:
நினைத்தேன். அந்த இடம் கேபினெட் ஃபேனுக்கு வைத்த கணக்குப்படி பம்ப்பையும் வேகம் கூட்டிக் குறைக்கிறது. முதலில் பம்ப்பைச் சரிசெய்யுங்கள்: போர்டில் பம்ப்புக்கென்று தனி இடம் இருந்தால் அங்கே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பயோஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) அந்த இடத்தை முழு வேகத்தில் நிலையாக வையுங்கள். ஒரே சுருதியில் ஓடினால் காது அதை மறந்துவிடும். சிபியு ஃபேன் இடத்தைக் காலியாக விடாதீர்கள், ஃபேன் இல்லை என்று போர்டு ஆரம்பத்திலேயே நின்றுவிடலாம்.

அப்புறம் ஃபேன். பயோஸில் உள்ள ஃபேன் வேக வரைபடத்தில் 70 டிகிரி வரை 35 சதவீதத்திலேயே தட்டையாக விடுங்கள். 80க்கு 55, 90க்கு 85, 95க்கு 100. தாமதமாக ஏறி இறங்கும் வசதி உங்கள் போர்டில் இருந்தால் இருப்பதிலேயே அதிகமானதை வையுங்கள். போதவில்லையா, ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையின் சராசரியை எடுத்து அதன்படி ஓட விடலாம். தாவல் எல்லாம் அதில் கரைந்துவிடும்.

பதில் 3:
ராத்திரிக்கு மட்டும் சிப்பின் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடும் போட்டுப் பாருங்கள். 65 வாட் நிலையில் சிப் இழுக்கும் உச்ச மின்சாரம் 142 வாட்டில் இருந்து 88 ஆக இறங்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ரேடியேட்டருக்குப் பெரிய நிம்மதி.

கேட்டவர்:
பம்ப்பை நிலையாக வைத்ததுமே பாதி தொல்லை போய்விட்டது! பிரவுசர் திறந்தால் ஃபேன் அசைவதே இல்லை. ஆனால் ரெண்டரில் ஃபேன் வேகம் 1,100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரும்போது மட்டும் டர்ர்ர் என்று ஒரு அதிர்வு. 1,050லும் இல்லை, 1,200லும் இல்லை.

பதில் 2:
அந்த வேகத்தில் கேபினெட்டின் ஏதோ ஒரு தகடு கூடவே அதிர்கிறது. சத்தம் வரும்போது மேல் மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.

கேட்டவர்:
அழுத்தியதும் நின்றது அண்ணா. ரேடியேட்டரைப் பிடிக்கும் எட்டுத் திருகில் இரண்டு கையாலேயே சுழன்றன. முறுக்கிவிட்டேன். மேல் வலைக்கு அடியில் ஓரமாக ரப்பர் துண்டும் வைத்தேன்.

நேற்று ஈகோ மோடில் 40 நிமிட ரெண்டர். 71 டிகிரி, ஃபேன் ஏறக்குறைய கீழ் வேகத்திலேயே. இரண்டு மணிக்கு முடித்தேன், பாப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. மிக்க நன்றி அண்ணா.