கீழ்த்தாடை மினி ஸ்க்ரூ மூன்றாம் வாரமே ஆடுகிறது, எஸ்.எல்.ஏ.வுக்கு மாறலாமா?

ஆர்த்தோ_இரண்டாம்_வருடம்:
வணக்கம். ஒரு நோயாளிக்குக் கீழ்த்தாடையில் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் 1.4 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீள மினி ஸ்க்ரூ (பல்லை இழுக்கப் பிடிமானமாகத் தாடை எலும்பில் தற்காலிகமாகத் திருகி வைப்பது) போட்டேன், இரண்டும் வழவழப்பான டைட்டானியம். போட்ட அன்று கல் மாதிரி நின்றது. மூன்றாம் வாரம் வந்தபோது வலப்பக்கத்தில் சுற்றிலும் ஈறு சிவந்து தடித்திருந்தது, ட்வீசரால் தொட்டாலே ஆடியது, கடைசியில் விரலால் திருகியே எடுத்துவிட்டேன். இடப்பக்கம் அசையவில்லை. எஸ்.எல்.ஏ., அதாவது சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு உள்ளதைப் போடு, பிடித்துக்கொள்ளும் என்கிறார் சீனியர். உண்மையிலேயே உதவுமா? அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை "விழுந்துவிட்டது" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பழைய_திருப்புளி:
டாக்டர், மேற்பரப்பைப் பற்றி யோசிக்கும் முன் எக்ஸ்ரேயைப் பாருங்கள். முதல் நாள் கல் மாதிரி நிற்பது எலும்பின் மேலோடு, அதாவது கார்டிகல் எலும்பு, மரையைக் கவ்வுவதால் வரும் பிடி. சொரசொரப்புக்கு அதில் பெரிய வேலை கிடையாது. நெருக்குப்பட்ட எலும்பை உடம்பு கரைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது, பழைய பிடி போய்ப் புதுப் பிடி வராத ஒரு பள்ளம் விழும், கிட்டத்தட்ட 2 முதல் 4 வாரம் வரை. உங்கள் ஸ்க்ரூ விழுந்தது சரியாக அங்கேதான். எஸ்.எல்.ஏ. அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்க்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். மரை வேரைத் தொட்டுக்கொண்டிருந்தால் எந்த மேற்பரப்பும் காப்பாற்றாது, ஒவ்வொரு கடிக்கும் பல் லேசாக அசையும், அந்த அசைவு ஸ்க்ரூவுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கீழ்த்தாடை எலும்பு கெட்டி என்பதால் நன்றாக நிற்கும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் மேல்தாடையைவிட அங்கேதான் அதிகம் விழுகிறது. கெட்டி எலும்பில் வேகமாகத் திருகினால் சூடேறும், அளவுக்கு மேல் நெருக்கினால் எலும்பு செத்துப்போகும். திருகும் விசை, அதாவது டார்க், 5 முதல் 10 நியூட்டன் செ.மீ. இருக்கட்டும் என்று பலரும் சொல்வது அதனால்தான். திருப்புளி கையை எதிர்த்துத் தள்ளுகிற மாதிரி தோன்றினால் நிறுத்தி, அரைச் சுற்று பின்னால் எடுத்து, மறுபடி போங்கள். ரொம்பக் கெட்டியாக இருந்தால் உப்பு நீர் விட்டுக்கொண்டே ஸ்க்ரூவுக்கு முன்னால் வழிகாட்டியாக ஒரு மெல்லிய பைலட் துளை போட்டுவிடலாம்.

டைட்டானியம்_ஆய்வகம்:
பொருள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எஸ்.எல்.ஏ. என்றால் அலுமினா துகளை வேகமாக அடித்துக் குழி பறித்து, அப்புறம் அமிலத்தில் ஊறவைத்து அந்தக் குழிக்குள் இன்னும் சின்னக் குழிகள் உண்டாக்குவது. ஆனோடைசிங் மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குகிறது. புற ஊதா ஒளி காட்டுவதும் உண்டு: சும்மா வைத்திருக்கும் டைட்டானியத்தின் மேல் காற்றிலிருக்கும் கார்பன் படிந்து தண்ணீர் ஒட்டாமல் போகும், ஒளி பட்டால் சொட்டு விட்டவுடன் படர்ந்துவிடும். விலங்குச் சோதனைகளில் இவற்றில் பலவும் கழற்றும் டார்க்கை உயர்த்துகின்றன. நோயாளிகளிடம் விழுகிற எண்ணிக்கையைக் குறைப்பதில் அந்த அளவு தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள், இது கழற்றப் போகிற ஸ்க்ரூ. பல் இம்ப்ளாண்டில் நாம் வேண்டிக்கொள்ளும் பிணைப்பு இங்கே அளவுக்கு மிஞ்சினால், எடுக்கும்போது கழுத்தில் முறிந்து நுனி உள்ளேயே நின்றுவிடும். சுத்த டைட்டானியம் இந்த மெல்லிய விட்டத்துக்குப் போதாது என்றுதான் அலுமினியமும் வனேடியமும் கலந்த ஐந்தாம் தரத்தில் செய்கிறார்கள். எஸ்.எல்.ஏ. வாங்கினாலும் ஈறு வழியாக வரும் கழுத்து வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அழுக்கு அங்கேயே தங்கும்.

ஆர்த்தோ_இரண்டாம்_வருடம்:
எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டேன். துளையின் நிழல் கடைவாய்ப்பல்லின் முன்வேரோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, இடப்பக்கத்தில் நல்ல இடைவெளி. அதோடு வலப்பக்கம் நான் குத்திய இடம் அசையும் ஈறில் விழுந்திருக்கிறது, அந்தச் சிவப்பு அதனால்தான் போலும். ஈறு ஆறட்டும், அப்புறம் கொஞ்சம் முன்னால் தள்ளி, எலும்போடு ஒட்டிய, அசையாத ஈறிலேயே, அதே வழவழப்பான ஸ்க்ரூவைப் போடுகிறேன். டார்க் அளக்கும் திருப்புளியை இப்போதே கேட்டு வாங்கி வைத்துவிட்டேன், சார்.